கடல்நோயும் காப்பும்

நடுநாட்டின் பேரூர்களுள் ஒன்று உளுந்தூர்பேட்டை. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையினின்று சேலத்துச் சாலை பிரியும் இடத்தில் அஃது அமைந்துள்ளது. முன்னர்த் தென் ஆர்க்காடு மாவட்டத்திலும், பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கியிருந்த அவ்வூர், 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்து விளங்குகிறது. மேற்கே தொலைவில் கல்வராயன் மலை உயர்ந்து நிற்கிறது. கிழக்கே நெடுந்தூரம் சென்று கடலூரை அடைந்தாலன்றி அலையோசையைக் கேட்க இயலாது. நெல்லும் கரும்பும் உளுந்தும் விளையும் நாட்டில் பிறந்தவர்க்கு ஏரியே பெருநீர், பரிசலே பெருங்கலம்.

எனினும் இத்தகைய உள்நாட்டு மக்களும் கடல் கடந்து சென்றது உண்டு. 1860ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல், கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென ஒப்பந்தம் செய்யப்பட்ட மக்களை ஏற்றிக்கொண்டு, நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. மொரீசியசு, பிஜி, மலாயா முதலிய நாடுகளுக்கும் தமிழ் மக்கள் திரள்திரளாகச் சென்றனர். அவர்களுள் பலர் ஏர் பிடித்த கையினர். கடலைக் கண்ணாற் காண்பதும் கப்பலில் காலடி வைப்பதும் அவர்களுக்கு ஒரே நாளில் நிகழ்ந்தன. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ என்னும் கப்பல், போர்க்காலம் நீங்கலாக, 1973 வரை சென்னையினின்றும் நாகப்பட்டினத்தினின்றும் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளுக்கு மக்களை ஏற்றிச் சென்றது. அதன்பின் ‘சிதம்பரம்’ என்னும் கப்பல் அவ்வழியிற் சென்றது; 1985இல் அது தீப்பற்றியதோடு அப்போக்குவரத்து முடிவுற்றது. அக்கப்பல்களில் பொருள் குறைந்தோர் மேல்தளத்தில் பாய் விரித்துக் கிடந்தே பல நாள் பயணம் செய்தனர்.

இன்று பிழைப்புக்காகக் கப்பலேறுவோர் அரியர். விடுமுறையைக் கழிக்கக் கப்பலேறுவோர் மிகுந்து வருகின்றனர். 2022 ஜூன் திங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் சொகுசுக் கப்பல் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 210 மீட்டர் நீளமுடைய அக்கப்பல் 2023 ஜூனில் இலங்கைக்கும் சென்றது. நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14ஆம் நாள் தொடங்கப்பெற்ற பயணிகள் கப்பல், சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டு 16ஆம் நாள் மீண்டும் ஓடத் தொடங்கியது. சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குச் செல்வோர் இரண்டு மூன்று நாள்களைக் கடலிலேயே கழிக்கின்றனர்.

அன்று பாயில் கிடந்தவர்க்கும் இன்று மெத்தையில் படுப்பவர்க்கும் பொதுவான துன்பம் ஒன்று உண்டு. அதுவே கடல்நோய். தலை சுற்றும், வயிறு புரளும், வாந்தி வரும். இதனை மனவலிமை இல்லாதவர்க்கு வரும் நோய் என்று எள்ளி நகையாடுவோர் உளர். நோயுற்றவர் நாணித் தம் துன்பத்தை மறைத்துப் பின்னும் துன்புறுவதும் உண்டு. இவ்விரண்டும் அறியாமையால் விளைவன. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை வகுத்த வள்ளுவப் பெருந்தகை, பிணி எது, அதன் வேர் எது, அதனை அடக்கும் வழி எது என்ற முறையில் ஆராயுமாறு மருத்துவனுக்கு அறிவுறுத்துகிறார். அம்முறையிலேயே கடல்நோயையும் ஆராய்தல் தகும்.

நோயின் இயல்பு

கடல்நோய் திடீரென வாந்தியோடு தொடங்குவதில்லை. முன்னறிகுறிகள் பலவற்றைக் காட்டியே வருகிறது. முதலில் அடிக்கடி கொட்டாவி தோன்றும். காரணமின்றி உறக்கமும் சோர்வும் வரும். பேச்சில் நாட்டம் குறையும். பின்பு முகம் வெளிறும். நெற்றியிலும் உள்ளங்கையிலும் குளிர்ந்த வியர்வை அரும்பும். வாயில் உமிழ்நீர் மிகும். அதன்பின் குமட்டல், இறுதியில் வாந்தி. வாந்தி எடுத்தபின் சிறிது நேரம் தெளிவு பிறக்கும். கப்பலின் ஆட்டம் நீடித்தால் துன்பம் மீண்டும் தலைகாட்டும். கொட்டாவி விடும் நிலையிலேயே விழித்துக்கொள்பவர் எளிதில் தப்பலாம். வாந்தி வந்தபின் விழிப்பவர் தப்புதல் அரிது.

இந்நோய் கடலுக்கு மட்டும் உரியதன்று. கள்ளக்குறிச்சி மாவட்டத்தார் இதனைத் தம் மாவட்டத்திலேயே காணலாம். கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலைக்குச் செல்லும் பாதை, வளைந்தும் நெளிந்தும் ஏறிச் செல்வது. அவ்வழியே பேருந்தில் செல்வோருள் சிலர் வளைவுகள் தொடங்கியதும் பேச்சை நிறுத்துவர். சிலர் சன்னலோரம் நகர்வர். சிலர் முடிச்சவிழ்த்து எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்வர். ‘பேருந்து எமக்கு ஒத்துக்கொள்ளாது’ என்பது அவர்கள் கூறும் காரணம். மலைப்பாதையில் பேருந்து ஒத்துக்கொள்ளாமையும், கடலில் கப்பல் ஒத்துக்கொள்ளாமையும், ஊஞ்சலில் தலை சுற்றுவதும் ஒரே நோயின் வேறு வேறு வடிவங்களே. வானத்தினும் இந்நோய் விடுவதில்லை. 1961 ஆகஸ்டில் விண்கலத்தில் உலகை வலம் வந்த சோவியத்து வீரர் தித்தோவ், விண்வெளியில் குமட்டலுற்ற முதல் மனிதர் ஆவார். மேலைநாட்டு மருத்துவர் இவ்வனைத்தையும் ‘இயக்க நோய்’ என்னும் பொதுப்பெயரால் வழங்குவர். எனினும் பழமையால் முதலிடம் பெறுவது கடல்நோயே. குமட்டலைக் குறிக்கும் ‘நாசியா’ என்னும் மேலைநாட்டுச் சொல், கப்பலைக் குறிக்கும் ‘நௌஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. கப்பலும் குமட்டலும் அம்மொழியில் தாயும் மகளும் ஆயின.

இந்நோய் எவரை மிகுதியாகப் பற்றும்? இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இஃது அரிதாகவே வரும். இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவர் சிறுமியரை மிகுதியாக வாட்டும். வயது ஏற ஏறத் தணியும். ஆடவரினும் மகளிர்க்குச் சற்று மிகுதி. ஒற்றைத் தலைவலி உடையோரையும் இஃது எளிதில் பற்றும். கடலின் கொந்தளிப்பு மிகுமாயின் எவ்வகை மனிதரும் இதற்குத் தப்புதல் அரிது.

நோயின் காரணம்

மனிதன் நிற்கிறானா, நகர்கிறானா, சாய்கிறானா என்பதை மூளைக்கு அறிவிக்கும் ஒற்றர் மூவர். கண் முதல் ஒற்றன். தசைகளும் மூட்டுகளும் உள்ளங்கால்களும் இரண்டாம் ஒற்றன். மூன்றாம் ஒற்றன் புறத்தே தெரியாமல் உட்செவியில் மறைந்துள்ளான். செவி கேட்பதற்கு மட்டும் உரிய உறுப்பு என்று எண்ணுவது தவறு. உட்செவியின் ஒரு பகுதி ஒலியை அறிகிறது. மற்றொரு பகுதி உடலின் நிலையையும் அசைவையும் அறிகிறது.

இவ்விரண்டாவது பகுதியில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவை ஒன்றற்கொன்று செங்குத்தாக மூன்று திசைகளில் அமைந்தவை, நீர்மம் நிறைந்தவை. தலை திரும்பும்போது குழாயும் உடன் திரும்புகிறது. உள்ளிருக்கும் நீர்மமோ சற்றுப் பின்தங்குகிறது. நீர் நிறைந்த செம்பைக் கையில் ஏந்தித் திடுமெனச் சுழற்றினால், செம்பு திரும்பியபின்னும் நீர் திரும்பாது நிற்பதைக் காணலாம்; அதனை ஒத்தது இது. அப்பின்தங்கல் நுண்ணிய மயிர்போன்ற உறுப்புகளை வளைக்க, அச்செய்தி நரம்பு வழியே மூளைக்குச் செல்கிறது. சிறுவர் தட்டாமாலை சுற்றி நின்றபின் உலகமே சுழல்வதுபோலத் தோன்றுவதற்குக் காரணம், உடல் நின்றபின்னும் நீர்மம் சுழன்றுகொண்டிருத்தலே. குழாய்களுக்கு அருகில் இரண்டு சிறு பைகளும் உள்ளன. சுண்ணாம்புச் சத்தால் ஆகிய மிக நுண்ணிய கற்கள் அப்பைகளில் பதிந்துள்ளன. மேலும் கீழும், முன்னும் பின்னும் நிகழும் அசைவையும் தலையின் சாய்வையும் அக்கற்கள் அறிவிக்கின்றன. உட்செவியின் இந்நுட்பங்களை ஆராய்ந்து விளக்கிய ராபர்ட் பாரானி என்னும் மருத்துவர்க்கு 1914ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

தரையில் நடக்கும்போது மூன்று ஒற்றர்களும் ஒரே செய்தியைக் கூறுகின்றனர். மூளையும் ஐயமின்றி உடலை நடத்துகிறது. கப்பலில் நிலைமை மாறுகிறது. ஒருவர் கப்பலின் அறைக்குள் அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். அறையின் சுவரும் கட்டிலும் விளக்கும் அவரோடு சேர்ந்தே அசைவதால், ‘எதுவும் அசையவில்லை’ என்று கண் கூறுகிறது. உட்செவியோ, ‘உடல் எழுகிறது, தாழ்கிறது, சாய்கிறது’ என்று முறையிடுகிறது. ஒற்றர் இருவர் ஒன்றுக்கொன்று மாறான செய்தி கொணரின் அரசன் கலங்குவதுபோல மூளை கலங்குகிறது. அக்கலக்கத்தின் வெளிப்பாடே கடல்நோய். இன்று அறிஞர் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இதுவே. உட்செவியின் குழாய்களும் கற்களும் தம்முள் மாறுபட்டுச் செய்தி கூறுவதும் உண்டு. அதனாலேயே பார்வையற்றோரையும் இந்நோய் பற்றுகிறது.

இதில் உட்செவியின் பங்கே தலையாயது என்பதற்குச் சான்று உண்டு. உட்செவி முற்றும் இயங்காத செவிப்புலன் அற்றோர் சிலர் தலைச்சுற்றலை அறியார் என்பதை வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1882இல் எடுத்துக்காட்டினார். 1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர், அத்தகையோர் சிலரைப் புயல் வீசும் கடலில் கப்பலில் அழைத்துச் சென்றனர். நலமுள்ளோர் நோயுற்றுக் கிடக்க, உட்செவி இயங்காதோர் நோயின்றி இருந்தனர். ஆகவே கடல்நோய் உடற்குறையின் அடையாளம் அன்று. உட்செவி செம்மையாக இயங்குகிறது என்பதன் அடையாளமே ஆகும். இதனை அறிந்தவர் நோயுற்றாரை எள்ளார், நோயுற்றாரும் நாணார்.

மூளை கலங்கினால் வயிறு ஏன் புரள வேண்டும் என்று வினவலாம். நஞ்சு உண்டவனுக்கும் கண்ணும் செவியும் மாறுபட்ட செய்தி தரும். ஆதலின் அம்மாறுபாட்டைக் கண்ட மூளை, நஞ்சு உட்சென்றதாகப் பிழைபட எண்ணி, வயிற்றில் உள்ளதை வெளியேற்றப் பணிக்கிறது என்று டிரைஸ்மன் என்னும் அறிஞர் 1977இல் ஒரு கருத்தை வெளியிட்டார். இஃது இன்னும் கருத்தளவிலேயே உள்ளது. எனினும் சிந்திக்கத் தக்கது.

எல்லா அசைவும் ஒரே அளவில் தீங்கு செய்வதில்லை. கட்டைவண்டி மேட்டுப்பாதையில் விரைந்து குலுங்கும்; உடல் வலிக்குமேயன்றிக் குமட்டல் வாராது. ஐந்து நொடிக்கு ஒருமுறை என்னும் அளவில் மெல்ல எழுந்து மெல்லத் தாழும் அசைவே மிகுந்த குமட்டலை விளைவிக்கும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கடலலையில் மிதக்கும் கப்பலின் ஆட்டம் பெரும்பாலும் அவ்வளவினை ஒட்டியே நிகழ்கிறது.

தணிக்கும் வழி

காரணம் விளங்கினால் காப்பும் விளங்கும். ஒற்றர்களிடையே உடன்பாடு உண்டாக்குதலும், அசைவைக் குறைத்தலும், மூளையின் கலக்கத்தை மருந்தால் அடக்குதலும் என அக்காப்பு மூவகைப்படும்.

முதலாவது, பயணத்திற்குரிய பருவத்தைத் தேர்தல். வங்கக்கடல் ஆண்டு முழுவதும் ஒரு தன்மையாய் இராது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், வடகிழக்குப் பருவமழையும் புயலும் தோன்றும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் அலை மிகும். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் கடல் பெரும்பாலும் அமைதியுற்றிருக்கும். விருப்பம்போல் நாள் குறிக்க இயலும் உலாப் பயணத்திற்கு அமைதியான பருவமே ஏற்றது.

இரண்டாவது, இடத்தைத் தேர்தல். கிணற்று ஏற்றத்தில் துலாமரத்தின் நுனி வானுற எழுந்து கிணற்றளவு தாழ்கிறது. அச்சின்மேல் அமைந்த பகுதியோ சிறிதே அசைகிறது. கப்பலும் அலையின்மேல் அவ்வாறே ஆடுகிறது. முன்கோடியிலும் பின்கோடியிலும் மேல்தளங்களிலும் ஆட்டம் மிகுதி. நடுப்பகுதியில் நீர்மட்டத்தை ஒட்டிய தளங்களில் ஆட்டம் குறைவு. ஆதலின் அறையைப் பதிவு செய்யும்போதே கீழ்த்தளத்து நடுப்பகுதியில் இடம் கேட்டல் அறிவுடைமை. காட்சி அழகு கருதி உச்சித்தளத்தில் முன்னறையைப் பெறுபவர் துலாவின் நுனியில் ஏறி அமர்ந்தவரை ஒப்பர். இக்காலப் பெருங்கப்பல்கள் பலவற்றின் இருபுறமும் நீருள் நீண்ட துடுப்புகள் பொருத்தப்பட்டுள்ளன. அவை பக்கவாட்டு ஆட்டத்தை வெகுவாகக் குறைக்கின்றன. அதனால் பெருங்கப்பலில் செல்வோர்க்குத் துன்பம் குறைவு. சிறுகப்பலிலும் படகிலும் செல்வோர்க்கு மிகுதி.

மூன்றாவது, கண்ணை ஆளுதல். முதல் கொட்டாவி தோன்றியவுடன் அறையை விட்டு வெளியே வந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் நின்று, வானும் கடலும் கூடும் தொடுவானத்தை நோக்குதல் வேண்டும். தொடுவானம் அசையாதது, கப்பல் அதனை நோக்கி உயர்வதையும் தாழ்வதையும் கண் காண்கிறது. உட்செவி கூறும் செய்தியையே கண்ணும் கூறுவதால் மாறுபாடு தீர்கிறது. வெளியே செல்ல இயலாவிடின், மல்லாந்து படுத்துத் தலையை அசைக்காது கண்களை மூடிக்கொள்ளல் நன்று. மாறான செய்தி கூறும் ஒற்றன் அப்பொழுது வாய்மூடுகிறான். நூல் படித்தலும் கைப்பேசியின் திரையை நோக்குதலும் அறவே தவிர்க்கத் தக்கன. பேருந்தில் கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டே செல்லும் மாணவர்க்குத் தலை சுற்றுவதும் இக்காரணத்தாலேயே.

கல்வராயன் மலைப்பேருந்து இங்கு மற்றொரு பாடமும் புகட்டுகிறது. வளைவுதோறும் பயணிகள் வாடினும் ஓட்டுநர் வாடுவதில்லை. அவர் உடலும் அதே பேருந்தில்தான் திரும்புகிறது. ஆயினும் வளைவு வருமுன்னரே அவர் கண் அதனைக் காண்கிறது. கை அதற்கேற்பத் திருப்புகிறது. உடல் அதற்கேற்பச் சாய்கிறது. வரப்போவதை முன்னறிந்த மூளை கலங்குவதில்லை. ஆதலின் மலைப்பாதையில் குமட்டலுறுவோர் முன்னிருக்கையில் அமர்ந்து சாலையை நோக்கிச் செல்லுதல் நன்று. கப்பலிலும் அலை வரும் திசையை நோக்கி நின்று, அதன் எழுச்சிக்கேற்ப உடலை இசைத்து நிற்கப் பழகுபவர் விரைவில் தேறுவர்.

நான்காவது, உணவு. வெறும் வயிறும் தீது. நிறைந்த வயிறும் தீது. எண்ணெயில் பொரித்தவையும் கடுங்காரமும் நீக்கி, இட்டிலி, கஞ்சி, ரொட்டி போன்ற எளிய உணவைச் சிறிது சிறிதாக உண்ணல் வேண்டும். சொகுசுக் கப்பலில் உணவு குவிந்து கிடக்கும்; நாவை அடக்காதவர்க்கு அதுவே பகையாகும். புகைநாற்றமும் எண்ணெய் நாற்றமும் குமட்டலைத் தூண்டுவன. அவற்றினின்று விலகல் நலம். பாட்டிமார் பயணப் பையில் வைத்துக் கொடுக்கும் இஞ்சி மரப்பாவும் சுக்கும் ஆராய்ச்சிக்கு உட்பட்டுள்ளன. இஞ்சியால் பயன் உண்டு எனச் சில ஆய்வுகள் கூறின; சிலவற்றில் தெளிவான பயன் காணப்படவில்லை. எனினும் அளவோடு உண்ணும் இஞ்சியால் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை.

வாந்தி நீடிப்பின் உடலில் நீர் வற்றும். இதுவே இந்நோயில் அஞ்சத் தக்கது. அப்பொழுது ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, வாய் வாயாகப் பருகி வரவேண்டும். நீர் வயிற்றில் தங்காதபோதும், காய்ச்சலோ கடும் தலைவலியோ வயிற்று வலியோ தோன்றியபோதும், கடல்நோய் என்று வாளாவிராமல் கப்பல் மருத்துவரை நாடுதல் கடமை.

ஐந்தாவது, மருந்து. இதன் வரலாறு சுவை மிக்கது. 1947இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், தோல் தடிப்புக்காகப் புதிய மருந்து ஒன்றை உண்டுவந்த பெண்மணி ஒருவர், டிராம் வண்டியில் செல்லும்போதெல்லாம் தமக்கு வந்த குமட்டல் நின்றுவிட்டதைக் கண்டார். அதனைக் கேட்ட மருத்துவர்கள், அவ்வாண்டு நவம்பரில் அத்திலாந்திக்குக் கடலைக் கடந்து சென்ற படைக்கப்பல் ஒன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரரிடையே அம்மருந்தை ஆய்ந்தனர். அது பயன் தருவதாகக் கண்டனர். ‘டைமென்ஹைட்ரினேட்’ என வழங்கும் அம்மருந்து இன்றும் பயன்பட்டு வருகிறது. அதனை ஒத்த வேறு மாத்திரைகளும் உள்ளன. காதின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் மருந்துப்பட்டை மற்றொரு வகை. அதிலுள்ள ‘ஸ்கோபோலமின்’ என்னும் பொருள் ஊமத்தைச் செடியிலும் அமைந்தது. இதனைக் கேட்டு ஊமத்தையைத் தொட முனைதல் பேதைமை. அச்செடி உயிர் கொல்லும் நஞ்சு. அளந்து பிரித்தெடுத்த மருந்து வேறு. அளவறியா நஞ்சுச் செடி வேறு.

கடல்நோய் மருந்தை வாந்தி தொடங்கியபின் உண்பதால் பயன் குறைவு. பயணம் தொடங்குவதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரத்திற்கு முன்னரே மாத்திரையை உண்ணல் வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவை உறக்கத்தையும் வாய் உலர்தலையும் தருவன. சிறுவரும் கருவுற்ற மகளிரும் முதியோரும் கண்நோய் முதலியன உடையோரும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது.

இவை அனைத்தினும் சிறந்த மருந்து காலமே. கப்பலின் ஆட்டத்தை இரண்டு மூன்று நாள்களில் மூளை கற்றுக்கொள்கிறது. மாறுபட்ட செய்தியையே இயல்பான செய்தியாக ஏற்கப் பழகுகிறது. பழைய நாளில் மேல்தளத்துப் பாயில் கிடந்த பயணிகளும் முதல் சில நாள் வாடிப் பின்னர் எழுந்து சமைத்துண்டு கதை பேசினர். அவ்வாறு பழகியவர் கரையிறங்கியபின், அசையா நிலமும் ஆடுவதுபோலச் சிறிது காலம் உணர்வர்; அதுவும் தானே நீங்கும்.

உடன்செல்வார் கடமை

புகழ்பெற்ற பெருமக்களும் இந்நோய்க்கு ஆட்பட்டனர். இங்கிலாந்தின் கடற்படைத் தலைவர் நெல்சன் சிறுவயது முதல் கடலிலேயே வாழ்ந்தவர்; புயல் வீசும்போதெல்லாம் தாம் நோயுறுவதாக 1804இல் மடல் எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டில்தான் டிரபால்கர்ப் போரில் வெற்றி கண்டு உயிர் நீத்தார். இயற்கை நூலறிஞர் சார்லஸ் டார்வின், 1831 டிசம்பரில் ‘பீகிள்’ கப்பலேறினார். 1836இல் திரும்பும் வரை கடல்நோய் அவரை முற்றும் விட்டபாடில்லை. காலம் பலரைப் பழக்கும் என்பது உண்மையே. அவரையோ அது பழக்கவில்லை. உலர்ந்த திராட்சையை உண்டு, வலைத்தொட்டிலில் படுத்து, நோய் தணிந்த பொழுதிலெல்லாம் எழுந்து ஆராய்ந்தார். அப்பயணத்தில் திரட்டிய செய்திகளே பின்னர் அவர்தம் பெருநூலுக்கு அடிப்படையாயின. கடல்நோய் உடையவர் கடலை வெல்ல முடியாதவர் என்பது பொய்.

இந்நோய் வாராத நற்பேறு பெற்றோரும் உளர். அவர்கள் செய்யத் தக்கது யாது என்பதற்குக் காந்தியடிகள் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி விளக்கம் தருகிறது. 1896 டிசம்பரில் அவர் சென்ற கப்பல் தென்னாப்பிரிக்காவை அணுகும்போது கடும்புயலில் அகப்பட்டது. பயணிகள் அனைவரும் நிலைகுலைந்து, சமய வேறுபாடு மறந்து இறைவனை வேண்டினர். காந்தியடிகளுக்குக் கடல்நோய் வருவதில்லை. அவர் தம் நலத்தை எண்ணித் தருக்காமல், பயணிகளிடையே சென்று தேறுதல் கூறியும், கப்பல் தலைவர் கூறும் செய்தியை அடிக்கடி கொணர்ந்து அறிவித்தும் அச்சம் தீர்த்தார். நடப்பதை அறிந்துகொள்வதும் ஒரு மருந்தே என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

உடன்செல்பவர் நோயுற்றால், அவரை நகையாடாமல் காற்றோட்டமுள்ள இடத்திற்கு அழைத்துச் செல்லுதல், நீர் கொடுத்தல், வாந்தி எடுக்கப் பையும் துடைக்கத் துணியும் தருதல் ஆகியன எளிய உதவிகள். வாந்தி வருகிறதென்று கப்பலின் விளிம்புக் கம்பியில் சாய்ந்து குனிதல் உயிர்க்கே கேடாகலாம். அவ்வாறு குனிவோரைத் தடுத்தல் வேண்டும். சிறுவர் நோயுறின் அவர்கள் மனத்தைப் பேச்சாலும் பாட்டாலும் வேறு வழியில் திருப்பினால் நோய் மறக்கும்.

கடலை ஒருநாளும் காணாத ஊர்களிலிருந்து புறப்பட்ட முன்னோர், காரணம் அறியாமலும் மருந்து இல்லாமலும் இத்துன்பத்தைத் தாங்கிக் கடல் கடந்தனர். இன்றைய மாணவர்க்குக் காரணமும் தெரியும், காப்பும் தெரியும். வெள்ளிமலைப் பேருந்திலோ வங்கக்கடல் கப்பலிலோ தலை சுற்றும்போது, ‘என் செவி பொய் கூறவில்லை, என் கண் காணாததை அது கூறுகிறது’ என்று அறிந்து, நெடுந்தொலைவை நோக்கிப் பார்வையைச் செலுத்துபவர் பாதி நோயை வென்றவர் ஆவர். அருகில் வாடுபவர்க்கும் அதனைக் கற்பிப்பவர் அவர்தம் துன்பத்தையும் தணித்தவர் ஆவர்.

வினாக்கள்

1. உடலின் நிலையை மூளைக்கு அறிவிக்கும் ஒற்றர் மூவர் யாவர்? அவர்கள் எப்பொழுது மாறுபடுகின்றனர்?
2. கப்பலில் எப்பகுதி தங்குவதற்கு ஏற்றது? ஏற்றத்தின் துலாமரத்தை உவமையாகக் கொண்டு விளக்குக.
3. மலைப்பேருந்தின் ஓட்டுநர் குமட்டலுறாமைக்குக் காரணம் என்ன?
4. கடல்நோய் உடற்குறையின் அடையாளம் அன்று என்பதைச் சான்று காட்டி நிறுவுக.
5. புயலிடைக் கப்பலில் காந்தியடிகள் ஆற்றிய தொண்டினைச் சுருக்கி வரைக.